ஒரு ஃபோர்டு கார், ரெண்டு பொண்ணுங்க: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தனியா ஊர் சுத்துறதைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். கூட ஆள் வந்தா பாதி ஊரை அவங்க மூஞ்சியிலதான் பாக்கணும்னு எழுதியிருந்தீங்க. சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் குத்தவும் செஞ்சுது.

எனக்கு 27 வயசு, சென்னையில ஐடி வேலை. பிஜியில பக்கத்து ரூம் பொண்ணோட போன வருஷம் வியட்நாம் போனேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது அக்கா. நான் எக்ஸெல் ஷீட் போட்டு டூர் போறவ, சைவம், வீட்டுக்கு தினமும் ரெண்டு தடவை போன் பண்ணியாகணும். அவ பத்து மணிக்குத்தான் எந்திரிப்பா, பசிச்ச எடத்துல உக்காந்து கண்டதையும் சாப்பிடுவா, வீட்டோட பேச்சுவார்த்தையே இல்ல. ஹா ஜாங் மலை ரோட்டுல அவதான் பைக் ஓட்டினா, எனக்கு கியர் வண்டி வராது, நான் பின்னாடி உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே போனேன்.

அவளுக்கு டிப்ரஷன் இருக்கு, டாக்டர்கிட்ட போறா. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட மாட்டா, சில நாள் தூக்க மாத்திரையைக் கூடுதலா போட்டுக்குவா. டூர்ல தினமும் ராத்திரி அவ தூங்கினதும் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாப்பேன். ஹோய் ஆன்ல ஒரு நாள் முழிச்சுக்கிட்டே இருந்து பாத்துட்டா. பெரிய சண்டை, ரெண்டு நாள் பேச்சே இல்ல. ஊருக்கு வந்தப்புறம் பழையபடி ஆயிட்டோம்.

இப்போ ஜார்ஜியா நாட்டுக்குப் போலாம்னு கூப்பிடுறா. "அவளுக்கும் உனக்கும் என்னடி ஒட்டு"ன்னு அம்மா கேக்குறாங்க. நான் கூட இருந்தா அவளை சரியாக்கிடுவேன்னு எனக்கு என்னமோ தோணுது. இப்படி எதுவுமே ஒத்துவராத ரெண்டு பேர் மறுபடியும் சேர்ந்து போறது சரியா? பேரு போட்டுடாதீங்க அக்கா.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

போகலாமா வேணாமான்னு நான் சொல்லி நீங்க முடிவு பண்ணப் போறதில்ல, பிளைட் டிக்கெட் ரேட்டெல்லாம் பாத்து முடிச்சுட்டுத்தான் எனக்கே எழுதியிருப்பீங்க, அதனால போறீங்கன்னே வெச்சுக்கிட்டு பேசுறேன். பொருத்தம் இல்லைங்குறது எனக்கு ஒரு விஷயமாவே தெரியல. "சரியாக்கிடுவேன்"னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்களே, அங்கதான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். உங்களுக்கு ரொம்ப முன்னாடியே ஒருத்தி இதே நெனப்போட தன் சிநேகிதியைக் கூட்டிக்கிட்டு ஜெனீவாவுலருந்து காபூல் வரைக்கும் காருல போனா. 1939-ல. அவ கதையைச் சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அவ பேரு எல்லா மயார், சுவிட்சர்லாந்துக்காரி. எல்லா எல்லான்னு எழுதினா நீங்க ஒவ்வொரு தடவையும் எல்லாரையும்னு படிப்பீங்க, அதனால மயார்னே சொல்றேன். இன்னொருத்தி ஆன்மரி ஸ்வார்ட்ஸன்பாக், இவளும் சுவிஸ்தான். ரெண்டு பேரையும் அவ இவன்னுதான் சொல்லப்போறேன், மரியாதைக் குறைச்சல் இல்ல, ரொம்ப வருஷமா படிச்சுப் படிச்சு வந்த உரிமை.

மயாருக்கு அப்போ 36 வயசு. சின்ன வயசுலயே ஜெனீவாவுல பொண்ணுங்களுக்குன்னு ஹாக்கி கிளப் ஆரம்பிச்சவ, 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பாய்மரப் படகுப் போட்டியில கலந்துக்கிட்டவ, பனிச்சறுக்குல சுவிட்சர்லாந்துக்காக உலகப் போட்டிகள்ல ஆடினவ. காசு கெடையாது, ஆனா கால் நிக்காது. நீங்க போகப்போற ஜார்ஜியாவுல ஸ்வானெட்டின்னு ஒரு மலைப்பகுதி இருக்கு, அங்க 1930-லயே நடந்து போயிருக்கா. 1932-ல சோவியத் துருக்கிஸ்தான் (மத்திய ஆசியா) பக்கம் தனியா. 1935-ல பீக்கிங்லருந்து (இப்போ பெய்ஜிங்) காஷ்மீர் வரைக்கும் ஏழு மாசம், பீட்டர் ஃப்ளெமிங்னு ஒரு இங்கிலீஷ் பத்திரிகைக்காரனோட (ஜேம்ஸ் பாண்டை உருவாக்குன இயான் ஃப்ளெமிங்கோட அண்ணன்). அவங்க ரெண்டு பேருமே தனியா போறதுதான் பிடிக்கும்னு சொல்லிக்கிட்டே சேர்ந்து போனவங்க, அது வேற கதை.

ஆன்மரி அப்படியே தலைகீழ். 31 வயசு. ஜூரிச் பக்கம் பெரிய பட்டு வியாபாரக் குடும்பம், அம்மாவழித் தாத்தா உல்ரிச் வில்லே முதல் உலகப் போர்ல சுவிஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. 23 வயசுல வரலாற்றுல டாக்டர் பட்டம், எழுத்து, போட்டோ, வேகமா கார் ஓட்டுற பைத்தியம், ஆம்பளை மாதிரி கிராப்பு, சட்டை. வீட்டுல ஜெர்மனி பக்கம் சாஞ்சவங்க, இவளோ நாஜிகளை எதிர்த்து நாட்டை விட்டு ஓடின எழுத்தாளர்களோட சிநேகிதி. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னோட பிள்ளைங்க எரிக்காவும் கிளவுஸும் இவளுக்கு உசுரு, கிளவுஸ் வெளிநாட்டுல இருந்து நடத்தின பத்திரிகைக்கு காசு கொடுத்தவளே இவதான். வீட்டுக்கும் இவளுக்கும் நடந்த இழுபறி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இதுக்கு நடுவுல மார்ஃபின்ங்குற போதை ஊசிப் பழக்கம். விடுறதுக்காக ஆஸ்பத்திரிக்குப் போறதும் வர்றதும் திரும்ப விழுறதுமா வருஷக்கணக்கா.

இந்த ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தாங்கன்னு கேட்டா, பெரிய ஆத்மார்த்தமான காரணமெல்லாம் முதல்ல இல்ல. ஆன்மரிக்கு ஒரு ஃபோர்டு கார் கிடைக்குது, அப்பா உபயம். மயாருக்கு ஆப்கானிஸ்தான் ரோடெல்லாம் அத்துப்படி, 1937-ல அந்தப் பக்கம் லாரியிலயும் பஸ்ஸுலயும் அடிபட்டு போய் வந்தவ, சொந்த வண்டி மட்டும் இருந்தா எப்படி இருக்கும்னு ஏங்கிக்கிட்டு இருந்தவ. ஒருத்திகிட்ட வண்டி, இன்னொருத்திகிட்ட வழி. இதைச் சொன்னா சிலருக்கு முகம் சுருங்கும், நட்புன்னா எதிர்பார்ப்பே இருக்கக்கூடாதுன்னு ஸ்டேட்டஸ் போடுற கூட்டம் ஒண்ணு இருக்கில்ல, அவங்களுக்கு. எனக்கென்னவோ ஒருத்தருக்கொருத்தர் ஏதோ ஒண்ணு தேவைப்படுற நட்புதான் ரெண்டு பக்கமும் நிமிர்ந்து நிக்கும்னு படுது.

ஆனா அதோட இன்னொண்ணும் சேர்ந்துக்குச்சு. ஐரோப்பாவுல போர் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியுது, மார்ச் மாசமே ஹிட்லர் படை பிராக்குக்குள்ள வந்தாச்சு, ஆன்மரி ஆஸ்பத்திரி வாசத்துலருந்து வெளிய வந்து நோஞ்சானா இருக்கா. இவளை இந்த ஊர்லருந்து கெளப்பி, மலைக்காத்துலயும் மண்ரோட்டுலயும் கொண்டுபோயிட்டா தேறிடுவா, நாம பாத்துக்கலாம்னு மயார் நெனைச்சா. ஆன்மரியும் இனிமே ஊசியைத் தொடமாட்டேன்னு சொன்னா. 1939 ஜூன் 6-ஆம் தேதி ஜெனீவாவுலருந்து கெளம்பினாங்க.

சிம்ப்ளான் கணவாய், இத்தாலி, யுகோஸ்லாவியா, பல்கேரியா. பல்கேரியாவோட தலைநகர் சோஃபியாவுலயே வாக்கு உடைஞ்சுபோச்சு. ஊசி மருந்துக் குப்பியோட கண்ணாடி மயார் கண்ணுல படுது. கெளம்பி ஒரு மாசம்கூட ஆகல. அந்த இடத்துலருந்து அந்தப் பயணத்தோட நிறமே மாறிப்போச்சுன்னு நான் சொல்லுவேன். அதுவரைக்கும் ரெண்டு பயணிங்க, அதுக்கப்புறம் ஒரு நர்ஸம்மாவும் ஒரு பேஷண்ட்டும். எங்க போறா, ஏன் இவ்வளவு நேரம், கண்ணு ஏன் இப்படி இருக்கு, கைப்பையில என்ன. உங்க மாத்திரை அட்டை மாதிரியேதான்.

இஸ்தான்புல்லருந்து காரையும் ஏத்திக்கிட்டு கப்பல்ல கருங்கடல் வழியா டிராப்சோன், அங்கருந்து அராரத் மலையைப் பாத்துக்கிட்டே ஈரான் எல்லை, தப்ரீஸ், டெஹ்ரான். ஈரான் ஆன்மரிக்குப் புதுசு இல்ல. 1935-ல அங்கதான் கிளராக்னு ஒரு பிரெஞ்சு தூதரக அதிகாரியைக் கல்யாணம் பண்ணியிருந்தா, ரெண்டு பேருக்குமே சௌகரியத்துக்கான கல்யாணம், அதனால கையில பிரெஞ்சு டிப்ளமேடிக் பாஸ்போர்ட் இருந்துச்சு. அந்தப் பாஸ்போர்ட் எல்லைகள்ல எவ்வளவு உதவியிருக்கும்! அதே ஊர்லதான் அவ ரொம்ப மோசமா உடைஞ்சு போனதும், அந்த ஞாபகமெல்லாம் வழியில காத்துக்கிட்டு இருக்கும்தானே. ஒரு மனுஷியை அவளோட பழைய காயம் இருக்குற ஊர் வழியாவே கூட்டிக்கிட்டுப் போய் தேத்தப் பாக்குறது, அதுல மயாரோட கணக்கு கொஞ்சம் தப்புதான்.

ஆனா கேளுங்க, அந்தப் பயணம் முழுக்க அழுகையும் ஊசியும்னு நெனைச்சுடாதீங்க. மஷ்ஹத் தாண்டி ஹெராத், அங்கருந்து வடக்கு வழி, மைமனா, மஸார், அப்புறம் பாமியான், அதுக்கப்புறம் ஷிபர் கணவாய் ஏறி காபூல் பக்கம். வடக்கு வழியில பல இடத்துல ரோடுன்னு சொல்றதே மரியாதைக்குத்தான். ஜூலை ஆகஸ்ட் வெயில்ல, புழுதியில, ரெண்டு பொண்ணுங்க, ஓட்டுறதும் தள்ளுறதும் ரிப்பேர் பாக்குறதும் அவங்களே. பாமியான்ல ரெண்டு புத்தர் சிலைகளையும் முழுசா பாத்திருக்காங்க, பெருசு 55 மீட்டர், சின்னது 38, நமக்கு 2001-க்கப்புறம் வெறும் மாடம்தான் மிச்சம். போற வழியில கைசார்னு ஒரு ஊர்ல வீட்டுப் பொம்பளைங்க இருக்குற உள்கட்டுத் தோட்டத்துக்கே அழைச்சு உபசாரம் பண்ணியிருக்காங்க. ஈரான்ல 1936-லயே முக்காடு போடக்கூடாதுன்னு ரெஸா ஷா சட்டம் போட்டாச்சு, எல்லை தாண்டினா ஆப்கான்ல வெளிய ஒரு பொம்பளை முகத்தைப் பாக்க முடியாது. அந்த உள்கட்டுக்குள்ள எந்த ஆம்பளைப் பயணியும் போயிருக்க முடியாது, இவங்க போனாங்க.

ஆகஸ்ட் கடைசியில காபூல். செப்டம்பர் 1, போலந்துக்குள்ள ஹிட்லர் படை, போர் ஆரம்பிச்சிருச்சு. காஃபிரிஸ்தான் (இப்போ நூரிஸ்தான்) வரைக்கும் போகணும்னு கெளம்பினவங்க, அது நடக்கவே இல்ல. காபூல்ல ஆன்மரி மறுபடி ஊசிப் பழக்கத்துல விழுந்தா. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. ஆன்மரி பிரெஞ்சு தொல்லியல் குழுவோட வடக்க குந்தூஸ் பக்கம் போயிட்டா, மயார் இந்தியாவுக்கு வந்துட்டா.

இங்கதான் எல்லாரும் கதையை முடிச்சு, பாவம், காப்பாத்த முடியலன்னு உச்சுக்கொட்டுவாங்க. எனக்கு அதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1940 ஜனவரியில ஆன்மரி பம்பாய்லருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினா, அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் இந்தியாவுல மறுபடி சந்திச்சாங்க. சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவங்க இல்ல. அப்புறமும் லெட்டர் போக்குவரத்து இருந்துச்சு, ஆன்மரி அமெரிக்கா, பெல்ஜியன் காங்கோன்னு அலைஞ்ச காலத்துலயும். காவலுக்கு இருந்த ஆள் காவலை விட்டப்புறமும் அந்த சிநேகம் அறுந்துபோகல, கவனிச்சீங்களா.

மயார் வந்து சேர்ந்தது எங்கன்னு நெனைக்கிறீங்க, நம்ம திருவண்ணாமலைக்கு. ரமணர்கிட்ட. போர்க்காலம் பூரா தெற்கதான் இருந்தா, ஒரு பூனையை வளத்துக்கிட்டு. ஊருக்குத் திரும்பி ஆல்ப்ஸ்ல ஷாந்தோலாங்குற உசரமான கிராமத்துல வீடு கட்டினப்போ அதுக்கு அசலான்னு பேர் வெச்சா, அருணாசல மலை ஞாபகத்துல. 1997 வரைக்கும் இருந்தா, 94 வயசு.

ஆன்மரிக்கு அவ்வளவு கொடுப்பினை இல்ல. காங்கோலருந்து திரும்பி வந்து, 1942 செப்டம்பர்ல சில்ஸ்ங்குற ஊர்ல சைக்கிள்லருந்து விழுந்து தலையில அடி, நவம்பர் 15 அன்னிக்கு செத்துப்போனா. 34 வயசு. அத்தனை ஊசிக்கும் அத்தனை பாலைவனத்துக்கும் தப்பிச்சவ சொந்த ஊர் ரோட்டுல சைக்கிள்லருந்து விழுந்து செத்தா, இதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டோம். அவளோட லெட்டர், டைரியில நெறைய அம்மாவே அழிச்சுட்டாங்க. 1947-ல மயார் இந்தப் பயணத்தைப் புத்தகமா எழுதினப்போகூட அந்த அம்மா கேட்டுக்கிட்டதால ஆன்மரிங்குற பேரை எடுத்துட்டு கிறிஸ்டினான்னு போட வேண்டியதாச்சு. மக செத்தப்புறமும் பேரை வெளிய விடல.

அந்தப் புத்தகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரொம்ப நேர்மையான புத்தகம், தன்னால முடியலைங்குறதை மயார் மறைக்கவே இல்ல, தன் மேலயே கோவப்பட்டுக்குறா. ஆனாலும் படிச்சு முடிச்சா மனசுல நிக்கிறது ஒரு நோயாளி. அதே பயணத்தைப் பத்தி ஆன்மரி எழுதின கட்டுரைகளைப் படிச்சா அந்த நோயாளி அவ்வளவா கண்ணுல படல. மலையோட வெளிச்சம், ஊர்ப் பேர்களோட மயக்கம், உள்கட்டுப் பொம்பளைங்களைப் பத்தின யோசனை, கூர்மையான ஒரு பத்திரிகைக்காரியோட கண்ணு. ஊசி போட்டவளும் அவதான், இதை எழுதினவளும் அவதான். எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தா முதல் ஆள் மட்டும்தான் தெரிவா. (சினிமாக்காரங்க இவங்க ரெண்டு பேரையும் காதலிகளாவே ஆக்கிட்டாங்க. ஆன்மரி பொண்ணுங்களைக் காதலிச்சவதான், ஒளிக்கவும் இல்ல, ஆனா மயார் எழுதினதுல இவங்களுக்குள்ள அப்படி ஒண்ணும் இல்ல. நட்புன்னு சொன்னா டிக்கெட் விக்காது போல.)

இப்போ உங்க லெட்டருக்கு வர்றேன். உங்க லெட்டரை ரெண்டாவது தடவை படிச்சப்போ ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. பிளான் போட்டது நீங்க, எண்ணினது நீங்க, கவலைப்பட்டது நீங்க, அவ பேருக்கு நேரா சோம்பேறித்தனமும் மாத்திரையும்தான் இருக்கு. ஒரே ஒரு எடத்துல மட்டும், போற போக்குல, மலை ரோட்டுல பைக் ஓட்டினது அவதான்னு எழுதியிருக்கீங்க. தங்கச்சி, ஹா ஜாங் ரோடு எப்படின்னு எனக்குத் தெரியும், ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் அதல பாதாளம், எதிர்ல லாரி. அந்த ரோட்டுல நீங்க கண்ணை மூடிக்கிட்டு கவசம் சொன்னீங்க, அவ கண்ணைத் தொறந்துக்கிட்டு உங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் சேத்தா. அப்போ யாரு யாரைப் பாத்துக்கிட்டாங்க? உங்க அம்மா கேட்ட ஒட்டு அதுதான், ஆனா அம்மாகிட்ட பைக் விஷயத்தைச் சொல்லிடாதீங்க, ஜார்ஜியா கேன்சல் ஆயிடும்.

சரி, அதுக்காக மாத்திரை விஷயத்தைக் கண்டுக்காம விடுங்கன்னு சொல்லல. தூக்க மாத்திரையைக் கூடுதலா போட்டுக்குறது வெளையாட்டு இல்ல. ஆனா அது அவ தூங்கினப்புறம் நீங்க ரகசியமா எண்ணித் தீர்க்குற விஷயமும் இல்ல, அவளும் அவ டாக்டரும் உக்காந்து பேச வேண்டியது. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பகல்ல, ரெண்டு பேரும் தெளிவா இருக்கும்போது, நேராவே கேளுங்க: டூர் போறதைப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னியா, அவர் என்ன சொன்னார், அங்க போய் ஒனக்கு ரொம்ப முடியலைன்னா நான் யாருக்கு போன் பண்ணணும். அந்த நம்பரை அவளே உங்களுக்குக் கொடுக்கணும். டாக்டர் இப்போ வேணாம்னா தள்ளிப் போடுங்க, மலை எங்கயும் போயிடாது. நிஜமாவே ஒரு நாள் அளவுக்கு மீறிப் போட்டுக்கிட்டான்னு தெரிஞ்சா அவ கோவிச்சுக்குவாளான்னெல்லாம் பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிதான், ஜார்ஜியாவுல அவசரத்துக்கு 112.

அப்புறம் தினமும் கொஞ்ச நேரமாவது தனித்தனியா இருங்க. அவ பத்து மணிக்கு எந்திரிச்சா எந்திரிக்கட்டும், நீங்க ஏழு மணிக்கே கெளம்பி தலைநகர் திபிலிசியில அந்தக் கந்தகக் குளியல் தெருவைச் சுத்திட்டு வந்து மத்தியானம் அவளோட சேர்ந்துக்கோங்க. தனியா போறதைப் பத்தி நான் எழுதினதை நான் வாபஸ் வாங்கல, ஒரே டூருக்குள்ளயே ரெண்டையும் வெச்சுக்கலாம். சாப்பாட்டுக்கும் நீங்க பயப்பட வேணாம், பீன்ஸ் வெச்ச லோபியானி, சீஸ் வெச்ச கச்சாப்புரி, வால்நட் அரைச்சுப் போட்ட கத்திரிக்காய்னு சைவத்துக்கு நெறைய இருக்கு அங்க. கஸ்பேகிங்குற மலை ஊருக்குப் போற 'ராணுவ ரோடு' 2,379 மீட்டர் உசரத்துல ஒரு கணவாயைத் தாண்டும், அங்க மட்டும் பைக் வேணாம், வேன்லயே போங்க, உங்க கவசமும் அவ தெறமையும் அடுத்த டூருக்கு இருக்கட்டும்.

ரொம்ப முக்கியமானது ஒண்ணு பாக்கி. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மருந்து மாதிரி சிலதுக்கு ஜார்ஜியாவுல சட்டம் ரொம்பக் கண்டிப்பு, நம்ம ஊர் மெடிக்கல்ல வாங்கினதை அப்படியே பையில போட்டுக்கிட்டுப் போனா ஏர்போர்ட்லயே மாட்டிக்குவீங்க. எந்த மருந்து, எவ்வளவு, எதுக்குன்னு டாக்டர் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கணும், மருந்தோட கம்பெனிப் பேரை மட்டும் போட்டா பத்தாது, உள்ள இருக்குற மருந்தோட பேரும் வேணும், அங்க எதுக்கெல்லாம் அனுமதி இருக்குன்னு அவங்க தூதரகத்துல முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும். அந்தப் பேப்பரை அவ பையிலயே வைக்கச் சொல்லுங்க, உங்க ஃபைல்ல வேணாம்.

அன்புடன்,
அக்கா